அண்டி ஆபீஸில் எடை குறைகிறது, பி.எஃப். பாதிதான் விழுகிறது: எதை எழுதி வைப்பது, எங்கே கொடுப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், உங்கள் அம்மா 14 வருடமாகக் கொட்டை உடைக்கிறார். தராசில் கண்ணால் பார்க்கிற எடை ஒன்று, சீட்டில் விழுகிற எடை வேறொன்று. மாதம் 22 நாள் போனாலும் பி.எஃப். பாதிச் சம்பளத்துக்குத்தான் கட்டுகிறார்கள். தோட்டு எண்ணெய் பட்டுக் கையில் வந்த புண் ஆறுவதே இல்லை. மேஸ்திரியிடம் சொன்னதற்கு, "இஷ்டம் உண்டுன்னா நில்லு, இல்லன்னா வீட்டுல இரு" என்றாராம். ஆதாரத்துக்கு எதைச் சேர்ப்பது, யாரிடம் கொடுப்பது, கொடுத்தால் வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியும். விளவங்கோடு பக்கம் ஒரு அண்டி ஆபீஸில் 9 வருடம் ரைட்டராக இருந்தேன். எடைச்சீட்டு, ஹாஜர் (வருகைப் பதிவு), கூலி ரிஜிஸ்டர் எல்லாம் என் கையெழுத்து. அதன் பிறகு நாகர்கோவிலில் உட்கார்ந்து சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கணக்குப் பார்த்தேன். அதாவது உங்கள் அம்மா சீட்டுக்காக நிற்கிற மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன்.

அந்த மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதில் தப்பு என்னுடையது.

நாங்கள் முதலில் வைத்திருந்தது அலுமினிய பேசின். ஒன்று 750 கிராம். பருப்போடு தூக்கி வைத்ததும் 750-ஐ மனதிலேயே கழித்துச் சீட்டில் எழுதுவேன். ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக் பேசின் வந்தது. அது 520 கிராம்தான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கை பழகின பழக்கத்தில் 750-ஐயே கழித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு 230 கிராம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று தூக்கினால் ஆளுக்கு நாளைக்கு 460. இருபது நாளில் 9 கிலோ 200. நாளைக்குப் பத்து கிலோ தொலி உரிக்கிற ஒருத்திக்கு மாதம் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை சும்மா போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், தொலி உரிக்கப் பருப்பை அளந்து கொடுக்கும்போதும் அதே 750-ஐத்தான் கழித்தோம். கொடுத்ததும் வாங்கினதும் ஒத்துப்போனதால் ஆபீஸ் கணக்கில் ஒரு சுருக்கமும் தெரியவில்லை. கூலி வாங்குகிற இடத்தில் மட்டும்தான் ஓட்டை.

நாலு மாதம் கழித்து ஒரு அக்கா வந்து, "மக்களே, இந்த வெறும் பேசினை ஒண்ணு வச்சுக் காட்டு" என்றார். வைத்தேன். எனக்கு முகம் செத்துப்போயிற்று. முதலாளி மறுநாளே கழிவைத் திருத்தச் சொல்லிவிட்டார், அதில் அவர் தகராறு பண்ணவில்லை. பழைய பாக்கியைக் கேட்டபோதுதான், "என்னைக்கு மாறிச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தார். அந்த அக்கா சீட்டுப் பணக் கணக்கு எழுதுகிற ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தார். அதில் ஒரு தேதிக்கு எதிரே, "இன்னைக்கு நம்ம ரெண்டு வரிசைக்கும் புது பேசின்" என்று ஒரு வரி. அந்த இரண்டு வரிசைக்கும் நாலு மாதப் பாக்கி கிடைத்தது. மற்ற வரிசைகளுக்கு பேசின் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது, எப்போது என்று ஒருவரிடமும் இல்லை. அவர்களுக்கு "இனி சரியாப் போடலாம்" என்பதோடு முடிந்தது. நான் எழுதின ரிஜிஸ்டரிலும் அந்தத் தேதி இல்லை. யார் எழுதுவார்கள் பேசின் மாறினதை?

உங்கள் அம்மா விஷயத்தில் நடப்பது ஏமாற்றா, என்னைப் போன்ற ஒரு ரைட்டரின் சோம்பலா என்று எனக்கு இங்கிருந்து சொல்ல முடியாது. அதை நீங்களும் இப்போது முடிவுகட்ட வேண்டாம். "திருடுகிறார்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு மானம் மரியாதைப் பக்கம் போய்விடும். "தராசில் 4.350, சீட்டில் 4.100" என்று ஆரம்பித்தால் அவர்கள் எண்ணுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நோட்டுக்கு வருகிறேன். தைத்த நோட்டாக இருக்கட்டும், ஸ்பைரல் வேண்டாம், தாள் கிழித்தால் தெரியாது. முதல் பக்கத்திலிருந்தே பக்க எண் போட்டுவிடுங்கள். அன்றன்று சாயங்காலம், சாயா குடித்து முடித்ததும், அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். சனிக்கிழமை தோறும் அடியில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் நாளைக்கு விசாரணையில் "இது யாருடைய கணக்கு" என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் இப்படி இருந்தால் போதும்:

"12, வியாழன். 8 மணிக்கு உட்கார்ந்தேன், 5 மணிக்கு எழுந்தேன். காலை: தராசில் 4.350, சீட்டில் 4.100. மதியம்: தராசில் 4.200, சீட்டில் 3.950. நொறுங்கல் தனியாக 0.600. எடை போட்டது பகல் மேஸ்திரி. பக்கத்தில் நின்றது வலது பக்கத்து இருக்கைக்காரி. சீட்டு நோட்டில் ஒட்டியிருக்கிறது."

இவ்வளவுதான். "வழக்கம்போல ஏமாற்றினார்" என்ற வரி வேண்டாம். சரியாகப் போட்ட நாளையும் எழுதுங்கள், அது ரொம்ப முக்கியம். குறைந்த நாளை மட்டும் எழுதின நோட்டை எந்த அதிகாரியும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார். சரியான நாளும் குறைந்த நாளும் கலந்து வந்தால் எந்த மேஸ்திரி, எந்த நேரம், எந்தத் தராசு என்று பின்னால் ஒரு ஒழுங்கு தெரியவரும். மேலே உள்ள உதாரணத்தில் இரண்டு தடவையும் குறைந்தது சரியாக 250 கிராம். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் பேசின் கழிவு. ஒரு நாள் 100, ஒரு நாள் 400 என்று தாறுமாறாக இருந்தால் வேறு கதை.

எழுத நேரமில்லாத நாளில் அம்மா வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் வாட்ஸாப்புக்கு ஒரு குரல் பதிவு அனுப்பட்டும். தேதியும் நேரமும் அதிலேயே விழும். ஃபோனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தில் இப்படிப்பட்ட மின் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க 63-வது பிரிவின்படி ஒரு சான்று சேர்க்க வேண்டும், அதற்கு மூல ஃபோன் கையில் இருப்பது நல்லது.

பின்தேதி போட்டு எழுதவே கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தெரிந்து மூன்று மாத ஹாஜரை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன், நடுநடுவே பேனாவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். வந்தவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒரே மூச்சில் எழுதினது பார்த்தாலே தெரியும். இத்தனை நாள் விட்டுப்போனதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், "இது இன்று ஞாபகத்தில் இருந்து எழுதியது" என்று தலைப்புப் போட்டுத் தனியாக எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். ஆனாலும் நான் பார்த்த ஆலைகளில் நூறு பெண்களுக்கு நடுவே பேனா ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

தராசைப் பற்றி இரண்டு விஷயம். இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசு. அது வெறுமையாக இருக்கும்போது காட்டுகிற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்திர எடையைக் கழிக்கிற டேர் பொத்தானை அழுத்தி வைத்திருந்தால் மைனஸ் போட்டு ஒரு எண் நிற்கும், மைனஸ் 0.750 என்பதுபோல. அதுதான் அவர்கள் கழிக்கிற பேசின் எடை. அம்மாவின் பேசினை வெறுமையாக அதில் வைத்தால் சரியாகப் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் நிற்கிற எண்தான் ஒவ்வொரு தடவையும் போகிறது. கேட்டுச் சண்டை போடத் தேவையில்லை, வரிசையில் முதல் ஆளாக நின்றால் கண்ணில் படும். இரண்டாவது, முத்திரை. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை போட வேண்டும், அதற்கான சான்றை எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும். நம் மாநிலத்தில் எடையளவு முத்திரையும் தொழிலாளர் துறையிடம்தான் இருக்கிறது. கூலிப் புகாரும் தராசுப் புகாரும் ஒரே துறைக்குப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது.

எடையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் பெரிய இழப்பு அங்கே இல்லை. நாளில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அம்மாவுக்கு 22 நாளுக்கு 8,400 ரூபாய் கூலி என்று வைப்போம். பி.எஃப். தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,008 ரூபாய். பாஸ்புக்கில் தொழிலாளி பங்கு 504 என்று இருந்தால், அவர்கள் காட்டின சம்பளம் 4,200. முதலாளி பங்கில் 8.33 சதவீதம், 350 ரூபாய், பென்ஷனுக்குப் போயிருக்கும், மீதி 154 பி.எஃப்.பில் நிற்கும். இந்த மூன்று எண்ணையும் வைத்து எந்த மாதத்தையும் நீங்களே சரிபார்த்துவிடலாம். இப்போது கூலிச் சீட்டில் அம்மாவிடம் பிடித்தது எவ்வளவு என்று பாருங்கள். 504 பிடித்து 504 கட்டியிருந்தால் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். 1,008 பிடித்து 504 கட்டியிருந்தால் அது வேறு வகை. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டத்தில் நம்பிக்கை மோசடி, கிரிமினல் விவகாரம். இரண்டையும் கலந்து ஒரே மனுவில் "பி.எஃப். ஒழுங்கா கட்டல" என்று எழுதினால் இரண்டாவதின் கனம் போய்விடும்.

ஏன் பாதி காட்டுகிறார்கள்? கிலோக் கணக்குக் கூலியை நாளுக்கு வகுத்தால் சில சமயம் அரசு குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே நிற்கும். அதனால் ரைட்டர் நாளைக் குறைப்பார், அப்போது ஒரு நாளுக்குக் கூலி சரியாக வந்துவிடும். இன்னொரு வகை, பாதி நாளும் பாதிக் கூலியும் ரிஜிஸ்டரில், மீதிப் பாதி வவுச்சரில். உங்கள் அம்மாவுடையது இரண்டாம் வகை மாதிரி இருக்கிறது. எதுவானாலும் காணாமல் போவது நாள். மாதம் 22 நாள் என்றால் வருடம் 264. கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கிடைக்கிற பணிக்கொடை) ஒரு வருடம் என்று எண்ண 240 நாள் வேண்டும், தாண்டிவிடுகிறார். ரிஜிஸ்டரில் 11 என்றால் வருடம் 132, அந்த வருடமே இல்லை. இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் வேண்டும். 22 நாள் என்றால் 132. 11 நாள் என்றால் 66, கிடைக்காது. கிராஜுவிட்டி வருடத்துக்கு 15 நாள் கூலி. கிலோக் கணக்கில் வேலை செய்கிறவருக்குக் கடைசி மூன்று மாதக் கூலியின் சராசரியை வைத்து ஒரு நாள் கூலி பார்ப்பார்கள். 382 ரூபாய் என்றால் 14 வருடத்துக்கு 80,220 ரூபாய். 250 கிராமுக்காக வாரம் முழுக்க மனம் நொந்துகொண்டிருக்கிற அம்மாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஆகவே நோட்டில் எடை எழுத மறந்தாலும் நாளை மறக்கக் கூடாது. கொட்டை வரவில்லை என்று ஆலை மூடின நாளையும் எழுத வேண்டும். நமக்குக் கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவது, லோடு வராவிட்டால் வாரக்கணக்கில் கதவு சாத்தியிருக்கும். தொழிலாளியின் குற்றம் இல்லாமல் வேலை நின்ற நாளை வைத்துச் சேவைத் தொடர்ச்சி அறுந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் ரிஜிஸ்டரில் அதே நாளுக்கு "ஆப்சென்ட்" என்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா கோயில் காலண்டரில் போன நாளுக்கு டிக், மூடின நாளுக்கு வட்டம் என்று ஆறு வருடம் போட்டு வைத்திருந்தார். காலண்டரை எறியாமல் கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்ததுதான் அதில் பெரிய புத்திசாலித்தனம்.

பி.எஃப்.பில் சண்டைக்குப் போகும் முன் பெயரைச் சரிபாருங்கள். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் வேறு. ஆதாரில் உள்ளதும் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.னில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லையென்றால், பின்னால் பணம் வந்தாலும் எடுக்க முடியாது. இதைத் திருத்தப் பல சமயம் கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படும். உறவு கெடுவதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். போன மாதத்துப் பணத்தைக் கட்ட அவர்களுக்கு 15-ஆம் தேதி வரை நேரம் உண்டு, அதனால் 20-க்கு மேல் பாஸ்புக் பாருங்கள்.

கை விஷயம். கொட்டைத் தோட்டில் உள்ள எண்ணெய் தோலை அரிக்கிற அமிலத் தன்மை உள்ளது, இது உடைக்கிற எல்லோருக்கும் தெரியும். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வார்கள். உறை கொடுத்தாலும் போடமாட்டார்கள், ஏன் என்று முதலாளிகள் ஆச்சரியப்படுவார்கள். உறை போட்டால் விரல் ஓடாது, விரல் ஓடாவிட்டால் கிலோ குறையும். கிலோவுக்குக் கூலி என்று வைத்துவிட்டு உறை போடவில்லை என்று திட்டுவதில் அர்த்தம் இல்லை. நோட்டில் புண் வந்த நாளோடு, அன்று உடைத்தது எந்த லோடு, சாக்கில் என்ன எழுதியிருந்தது, கொட்டை நன்றாக வெந்திருந்ததா என்றும் எழுதச் சொல்லுங்கள். பக்குவம் குறைந்த கொட்டையில் தோடு விரியும்போது எண்ணெய் அதிகம் தெறிக்கும். ஒரே லோடில் ஐந்து பேருக்குக் கை வெந்தது என்று தேதியோடு காட்டினால், பாய்லர்க்காரரிடம் நேரத்தைக் கூட்டச் சொல்லித் திருத்த முடியும். வெறுமனே "கை எரியுது" என்றால் தேங்காயெண்ணெய் வாங்கித் தருவார்கள்.

இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போகும்போது "முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை, 14 வருடம்" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "அலர்ஜி" என்று எழுதின சீட்டு பத்து இருந்தாலும் வேலையோடு அது ஒட்டாது. தொழில்வழி நோய்ப் பட்டியலில் வேதிப்பொருளால் வரும் தோல் நோய்க்கு இடம் இருக்கிறது. திடீரென்று எண்ணெய் கொட்டியோ மெஷினில் விரல் மாட்டியோ காயம் ஆனால், அன்றைக்கே ஆலையின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

இனி யாரிடம் கொடுப்பது. ஒரு மாதம் நோட்டு எழுதின பிறகு, முதல் கடிதம் மேனேஜருக்குத்தான். வெளியே போகும் முன் உள்ளே ஒரு வாய்ப்புக் கொடுத்தோம் என்பது பின்னால் எல்லா இடத்திலும் உங்களுக்குப் பலம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நான் உடைப்புப் பகுதியில் 14 வருடமாக வேலை செய்கிறேன். இம்மாதம் 3 முதல் 28 வரை 19 நாட்களில் தராசில் காட்டிய எடைக்கும் சீட்டில் எழுதிய எடைக்கும் வித்தியாசம் இருந்தது, விவரம் இணைத்துள்ளேன். பேசினின் வெறும் எடையை எங்கள் முன் போட்டுப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எனது பி.எஃப். கணக்கில் ஏப்ரல் மாதச் சம்பளம் 4,200 என்று உள்ளது, எனது கூலி 8,400. வேலை நாட்களும் சம்பளமும் சரிசெய்து, மாதந்தோறும் கூலிச் சீட்டு தரக் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இரண்டு நகல். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும். போடமாட்டேன் என்றால் சண்டை வேண்டாம், தபாலில் அனுப்பிவிடுங்கள். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் ஒப்புகையோடு வேண்டும் என்று கேளுங்கள். ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். அம்மா ஒருவர் பெயரில் போவதைவிட அதே வரிசையில் ஐந்தாறு பேர் சேர்ந்து போட்டால் நல்லது. ஆலையில் சங்கம் இருந்தால் கொடியின் நிறத்தைப் பார்க்காமல் அவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும், அதில் பெண்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெண்களும் இருக்க வேண்டும், மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும் என்று தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. உங்கள் ஆலையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டாலே மேசைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பதினைந்து நாள் போயும் பதில் இல்லை என்றால், கூலிக்கும் தராசுக்கும் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். பி.எஃப்.புக்கு நாகர்கோவில் மண்டல அலுவலகம், ஆன்லைனிலும் குறை பதியலாம். மாதம் 27-ஆம் தேதி மாவட்டம்தோறும் அவர்கள் குறைகேட்பு முகாம் நடத்துகிறார்கள், நேரில் பாஸ்புக்கும் கூலிச் சீட்டுமாகப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும். பாக்கியை நிர்ணயிக்கிற விசாரணையை எல்லோரும் "7ஏ" என்பார்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுவும் கொடுக்கலாம், ஆனால் அது கடைசியில் இதே அலுவலகங்களுக்குத்தான் இறங்கி வரும். மனு எண் கிடைக்கும் என்பதுதான் லாபம். இரண்டு மாதம் அசைவில்லை என்றால், "என் மனு மேல் என்ன நடவடிக்கை, ஆய்வு அறிக்கை நகல் தருக" என்று 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சட்டத்தின் பெயரில் குழம்ப வேண்டாம். 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்தன, அலுவலகத்தில் இன்னும் பழைய பெயர்களும் காதில் விழும். உங்களுக்குத் தெரிய வேண்டியது சில. கூலி பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் மனு போடலாம். மாதக் கூலி அடுத்த மாதம் ஏழு தேதிக்குள் வர வேண்டும். கூலிச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டிய பாரமும் ஊதியத் தொகுப்பின்படி முதலாளி மேல்தான். அதாவது உங்கள் நோட்டு முழு வழக்கையும் தூக்க வேண்டியதில்லை. அவர்கள் ரிஜிஸ்டர் எந்தெந்தத் தேதியில் பொய் சொல்கிறது என்று காட்டினால் போதும்.

வேலை போகுமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் சொல்கிறேன். நேரடியாக நிறுத்துவது குறைவு. நடப்பது வேறு மாதிரி: கொட்டை குறைத்துக் கொடுப்பார்கள், சின்னக் கொட்டையாக, நொறுங்குகிற லோடாகக் கொடுப்பார்கள், சன்னல் பக்கத்து இருக்கையைப் புகைப் பக்கம் மாற்றுவார்கள். கிலோக் கூலியில் இதெல்லாம் அபராதம் போட்டதற்குச் சமம், எழுத்தில் ஒரு தடயமும் இருக்காது. ஆகவே கடிதம் கொடுப்பதற்கு முந்தின ஒரு மாதக் கணக்கு நோட்டில் இருப்பது அவசியம். முன்பு நாளைக்கு எட்டரை கிலோ, கடிதத்துக்குப் பிறகு ஆறு என்று தேதியோடு காட்ட முடிந்தால் அதுவும் ஒரு புகார். அம்மாவுக்கு இரத்த அழுத்தமோ, வீட்டில் கடன் அடைக்கிற நேரமோ என்றால், இரண்டு மாதம் எழுதிக்கொண்டே இருந்துவிட்டு நல்ல நேரம் பார்த்துக் கொடுங்கள். மூன்று வருட எல்லைக்குள் இருக்கும்வரை அவசரம் இல்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆலையின் ரிஜிஸ்டரைக் கையில் எடுத்து வெளியே கொண்டுவருவது, மேசையில் ஆளில்லாத நேரம் புரட்டிப் படம் எடுப்பது. திருட்டு என்று போலீசுக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உங்கள் எடைப் புகார் அங்கேயே நின்றுபோகும். உங்கள் சீட்டு, உங்கள் பாஸ்புக், உங்கள் நோட்டு போதும்.

அவர்கள் இறங்கிவந்து திருத்துகிறோம் என்றால் எப்படித் திருத்துகிறார்கள் என்று பாருங்கள். "இனி பாத்துப் போடுறோம்" என்பது திருத்தம் இல்லை. எங்கள் ஆலையில் அந்த பேசின் கூத்துக்குப் பிறகு நான் ஒரு சின்ன டப்பா எனாமல் பெயின்ட் வாங்கி, ஒவ்வொரு பேசினையும் வெறுமையாக எடை போட்டு, அதன் விளிம்பிலேயே எண்ணை எழுதினேன். 520, 515, 530 என்று. யார் எடை போட்டாலும் அந்த எண்ணைத்தான் கழிக்க வேண்டும். விளிம்பு தேய்ந்தால் மறுபடி எடை, மறுபடி பெயின்ட். இதைக் கடிதத்தில் கேட்டு வாங்குங்கள், அவர்களுக்கு ஐம்பது ரூபாய்கூடச் செலவில்லை. பி.எஃப். திருத்தம் என்றால் அடுத்த மூன்று மாதம் பாஸ்புக்கில் தொழிலாளி பங்கு 1,008 பக்கம் வருகிறதா என்று பார்க்கும்வரை நோட்டை மூடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இல்லை. கூலிச் சீட்டில் அம்மாவிடம் பி.எஃப். என்று எவ்வளவு பிடிக்கிறார்கள்? கடைசி ஆறு மாதச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள், மக்களே. அதைப் பார்த்துத்தான் பி.எஃப். மனுவில் முதல் வரி என்ன என்று சொல்ல முடியும்.